உடைந்த கழுத்தும் எழுதிவைத்த முடிவும்

1997 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்யுத்த நிறுவனத்தின் 'சம்மர்ஸ்லாம்' நிகழ்ச்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்தார். 'பைல்டிரைவர்' என்று அந்த அடிக்குப் பெயர். சரியாகச் செய்தால் தூக்கப்பட்டவரின் உச்சந்தலை தரையைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும். அன்று ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. உடல் எடை மொத்தமும் கழுத்தில் விழுந்தது. அவரால் கை கால்களை அசைக்க முடியவில்லை.

அந்த ஆட்டத்தில் ஆஸ்டின் ஜெயிக்க வேண்டும் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. ஜெயிக்க வேண்டியவரோ அசைவற்றுக் கிடக்கிறார். ஓவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி வம்பிழுத்தார். மேடையைச் சுற்றி நடந்து நேரத்தைக் கடத்தினார். கொஞ்சம் உணர்வு திரும்பியதும் ஆஸ்டின் தவழ்ந்து வந்து பின்னாலிருந்து அவருடைய கால்களைப் பற்றினார். அந்தப் பிடியில் ஒரு பலமும் இல்லை. இருந்தும் ஓவன் சரிந்து விழுந்து, நடுவர் மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் வைத்திருந்தார். கழுத்து நொறுங்கியவர் சாம்பியன் ஆனார். சிலர் தாங்கிப் பிடித்து அவரை அழைத்துப் போனார்கள்.

வெற்றி எழுதிவைத்தது, காயம் எழுதிவைக்காதது. இதில் எதை வைத்து இந்தத் தொழிலுக்குப் பெயர் சூட்டுவது என்பதுதான் வழக்கு.

தமிழ்நாட்டில் 1990களில் வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் நன்றாகத் தெரியும். பெட்டிக்கடையில் வாங்கிய டிரம்ப் கார்டுகளில் உயரம், எடை, மார்பளவு என்று எண்களை மனப்பாடம் செய்த தலைமுறை அது. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று வகுப்பில் ஒருவன் அடித்துச் சொல்வான். 'அதெல்லாம் செட்டிங்டா' என்று இன்னொருவன் அவன் வாயை அடைப்பான். இரண்டாமவன் சொன்னது தகவல் அளவில் சரி. அந்தத் தகவல் அமெரிக்காவிலும் வெகுகாலமாக ஊரறிந்த ரகசியம்தான். 1937இலேயே மார்கஸ் கிரிஃபின் என்ற எழுத்தாளர் இந்தத் தொழிலின் உள்விவகாரங்களை ஒரு புத்தகமாகவே போட்டு உடைத்துவிட்டார். ஆட்டத்தின் முடிவு முன்கூட்டித் தீர்மானிக்கப்படுகிறதா என்பதில் இனி விவாதிக்க ஒன்றுமில்லை. யார் யாரை ஏமாற்றினார்கள், அதில் யாருக்கு லாபம் என்ற கேள்விகள்தான் பாக்கி.

முதலில், இது ஏன் செட்டிங் ஆனது? நிஜ மல்யுத்தம் பார்க்கச் சகிக்காது என்பது நேர்மையான பதில். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில், அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து போன காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். காமாவின் பலத்தை உணர்ந்துகொண்ட ஸ்பிஸ்கோ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். புரட்டப் பார்த்தார் காமா, முடியவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இதுவே நடந்தது. முடிவு டிரா. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவே இல்லை. அமெரிக்காவில் 1916 ஜூலை 4 அன்று ஓமாஹா நகரில் ஜோ ஸ்டெக்கரும் எட் 'ஸ்டிராங்க்ளர்' லூயிஸும் சுமார் ஐந்து மணி நேரம் கட்டிப்பிடித்துக் கிடந்தார்கள். அதுவும் டிரா. டிக்கெட் வாங்கியவர் எத்தனை நாள் இதைப் பொறுப்பார்?

1920களில் அதே லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மான்ட் ஆகிய மூவரும் சேர்ந்து ஆட்டத்தை மாற்றியமைத்தார்கள். நேர வரம்பு வந்தது. தூக்கி எறிதல், பறந்து மோதுதல், சுவாரசியமான முடிவு எல்லாம் வந்தன. ஊர் ஊராகப் போகும் குழுவும், வாரம்தோறும் தொடரும் பகையும் வந்தன. வேய்ன் மன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை, மல்யுத்தம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் கூட்டம் வரும் என்பதற்காக, 1925 ஜனவரியில் லூயிஸைத் தோற்கடிக்கவைத்துச் சாம்பியன் ஆக்கினார்கள். ஏப்ரல் 15 அன்று ஃபிலடெல்ஃபியாவில் மன்னிடம் தோற்றுக் கொடுக்க வேண்டியவர், லண்டனில் குப்புறப் படுத்த அதே ஸ்பிஸ்கோ. எதிர் கோஷ்டியிடம் விலைபோயிருந்த அவர் சொன்னபடி தோற்கவில்லை. நிஜமாகவே மல்யுத்தம் செய்தார். புதிய சாம்பியன் திரும்பத் திரும்ப மல்லாந்தார். நாடகத்துக்குள் ஒருவர் உண்மையாகச் சண்டையிட்டதுதான் அங்கே நம்பிக்கைத் துரோகம் ஆயிற்று.

நிஜச் சண்டையின் சோதனை பின்னர் ஒருமுறை பெரிய அளவிலேயே நடந்தது. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். ஒத்திகை பார்க்காத மோதல். பதினைந்து சுற்றிலும் பெரும்பாலான நேரம் இனோகி மல்லாந்து படுத்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலி எறிந்த குத்துகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. டிரா என்று அறிவித்ததும் அரங்கில் குப்பை பறந்தது. அலியின் கால்களில் ரத்தம் கட்டிக்கொண்டு அவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது தனிக்கதை.

'போலி' என்று குற்றம்சாட்டுபவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை ரசிகர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நாடகம் போடுவது தப்பில்லை. நாடகம் என்பதை மறைத்துப் பல தலைமுறைகளாகக் காசு வாங்கியது தப்பு. இந்த மறைப்புக்குத் தொழிலுக்குள் 'கேஃபேப்' என்று பெயர். அது வெறும் வாய்ப்பூட்டு இல்லை, முழுநேர வாழ்க்கைமுறை. எம்.என். நம்பியாரைத் திரையில் பார்த்து சாபமிட்டவர்களுக்குக்கூட, வெளியே அவர் சபரிமலைக்குப் பக்தர்களை அழைத்துப்போகும் குருசாமி என்பது தெரியும், எம்.ஜி.ஆருடன் ஒரே காரில் ஏறக் கூடாது என்று யாரும் அவருக்குத் தடை போடவில்லை. மல்யுத்தத்தில் தடை இருந்தது. நல்லவன் வேடக்காரர்களும் வில்லன்களும் தனித்தனி வண்டியில் போக வேண்டும், தனித்தனி அறையில் உடை மாற்ற வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1975 அக்டோபர் 4 அன்று வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே நடந்த விபத்தைச் சொல்ல வேண்டும். மல்யுத்த வீரர்களை ஏற்றிவந்த சிறிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. விமானி பின்னர் இறந்துபோனார். ரிக் ஃபிளேரின் முதுகெலும்பு முறிந்தது. ஜானி வேலன்டைன் உடல் முடங்கி, அதன்பின் மேடை ஏறவே இல்லை. அதே விமானத்தில் டிம் வுட்ஸ் என்பவரும் இருந்தார். அவர் நல்லவன், உடன் வந்த வேலன்டைன் மேடையில் அவருடைய பரம எதிரி. இரண்டு பேரும் ஒன்றாகப் பயணம் செய்தது தெரிந்தால் கதை கந்தல். அடிபட்ட நிலையிலும் வுட்ஸ் தன் மேடைப் பெயரைச் சொல்லாமல் இயற்பெயரைச் சொல்லி, தன்னை ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் என்று பதிவு செய்துகொண்டார். வதந்தி பரவத் தொடங்கியதும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட இரண்டே வாரத்தில், ஆறாத காயங்களோடு மேடை ஏறினார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனிதர் தன் உண்மையான எலும்புகளைப் பணயம் வைத்தார். இதை வீரம் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா?

அடுத்தவர் எலும்பைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 1984 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏ.பி.சி தொலைக்காட்சி நிருபர் ஜான் ஸ்டாஸல், 'இது போலி என்று நினைக்கிறேன்' என்று டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரரிடம் நேருக்கு நேர் சொன்னார். ஷுல்ட்ஸ் அவரை இரண்டு காதுகளிலும் அறைந்து வீழ்த்தினார். மறு ஆண்டு மார்ச்சில் ரிச்சர்ட் பெல்ஸர் என்ற நகைச்சுவைக் கலைஞர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பிடியைச் செய்துகாட்டச் சொன்னார். மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் செய்துகாட்டினார். பெல்ஸர் மயங்கி விழுந்து மண்டை உடைந்தது. இரண்டு வழக்குகளும் நீதிமன்றத்துக்கு வெளியே பணத்தால் தீர்ந்தன. கேட்ட கேள்விக்குப் பதிலாக அடி கொடுக்கும் தொழிலுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆனால் இந்த அறைகள் விழுந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனமே முன்வந்து உண்மையை ஒப்புக்கொண்டது. மனசாட்சி உறுத்தியதால் நேர்ந்த மாற்றமல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குத்துச்சண்டையையும் மல்யுத்தத்தையும் அரசின் விளையாட்டு ஆணையம் கண்காணித்துவந்தது. உரிமம் வாங்க வேண்டும், வசூலில் வரி கட்ட வேண்டும், ஆட்டத்துக்கு முன் வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். 1989 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மேலவையில் இந்தக் கட்டுப்பாடுகளை நீக்கும் மசோதா வந்தபோது, முதலாளி வின்ஸ் மெக்மேனின் அந்த நிறுவனம் அதை ஆதரித்தது. எங்கள் ஆட்டம் உண்மையான போட்டி கிடையாது, பார்வையாளரை மகிழ்விக்கும் நிகழ்ச்சி, ஆகவே விளையாட்டு ஆணையத்துக்கு இங்கே வேலையில்லை என்பது வாதம். நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. நிருபர் சொன்னால் அறை. முதலாளி சொன்னால் வரிச்சலுகை.

ஆஸ்டினின் கழுத்து நொறுங்கியதும் அதே நியூ ஜெர்சியில்தான்.

மேடைக்கு வருவோம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் கேன்வாஸ். கீழே மைக் வைத்திருப்பதால் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஆனால் சத்தம் பெரிது என்பதால் வலி சிறிதாகிவிடாது. விழுவதற்கு 'பம்ப்' என்று பெயர். பயிற்சிக்கு வரும் புதியவர்கள் முதலில் கற்பது அதைத்தான்: தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், மூச்சை வெளியே விடு, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடட்டும், கைகளால் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்பு. அதிர்ச்சி பரவுமே தவிர மறையாது. குத்துகளைப் பெரும்பாலும் இழுத்துப் பிடித்துத்தான் விடுகிறார்கள். நெஞ்சில் விழும் 'சாப்' அறையை அப்படிச் செய்ய முடியாது. சிவந்துபோன தோல் அதற்குச் சாட்சி. நெற்றியில் வழியும் ரத்தம் சாயம் என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கட்டு டேப்பில் மறைத்துவைத்த பிளேடுத் துண்டால் வீரர் தானே நெற்றியைக் கீறிக்கொள்வதுதான் பழைய வழக்கம். ரத்தம் அசல், அது வந்த காரணம் மட்டும் கற்பனை.

எது திட்டம், எது தற்செயல் என்று பிரிப்பது உள்ளே இருப்பவர்களுக்கே சிரமம். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் 16 அடி இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கீழே மேசைமேல் வீசினார். அது பேசிவைத்தது. எழுந்து மறுபடி மேலே ஏறிய ஃபோலியை அண்டர்டேக்கர் கூரைமேல் போட்டபோது கூரைக் கம்பிவலை பெயர்ந்து, அவர் உள்ளே மேடையில் வந்து விழுந்தார். அது பேசிவைக்காதது. டிரம்ப் கார்டு காலத்துப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரி வாய்பிளந்து பார்த்தார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நிஜச் சண்டை தெரியாது என்ற ஏளனமும் நிற்காது. கர்ட் ஆங்கிள் 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் கழுத்துக் காயத்தோடு தங்கம் வென்றவர். பிராக் லெஸ்னர் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் 2000ஆம் ஆண்டுச் சாம்பியன். பின்னர் 2008இல், நிஜச் சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி நிறுவனத்தின் ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்றார். இந்த இருவரும் 2003 மார்ச்சில் சியாட்டிலில் ரெஸில்மேனியா மேடையில் மோதியபோது, மேல்கயிற்றில் ஏறிப் பின்குட்டிக்கரணம் அடித்துப் பாய்ந்த லெஸ்னர் தூரம் போதாமல் தலைகுப்புற விழுந்தார். மூளை அதிர்ச்சியில் தடுமாறியபடியே ஆட்டத்தை முடித்து, திட்டமிட்டபடி ஜெயித்தார். ஆங்கிளின் கழுத்து ஏற்கெனவே மோசமாக இருந்தது. அதே இரவில்தான் ஸ்டீவ் ஆஸ்டின், 1997இன் காயம் விட்ட வழியில் தன் வழக்கமான மல்யுத்த வாழ்க்கையை முடித்துக்கொண்டார். ஜப்பானில் 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமா மேடையில் மிட்சுஹாரு மிசாவா, அதற்குமுன் எத்தனையோ முறை வாங்கிய ஓர் எறிதலை வாங்கி விழுந்தவர் எழவே இல்லை. வயது 46.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பை மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். குத்துச்சண்டை ரசிகர் முடிவுக்காகப் பார்க்கிறார். மல்யுத்த ரசிகருக்கு ஒவ்வொரு கணமும் போதும், மோசடியா என்ற கேள்வியே அவருக்கு எழுவதில்லை என்பது அவர் பார்வை. பண்டிதர்கள் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக் காட்டியே மல்யுத்தத்துக்கு மரியாதை தேடித் தந்தார்கள். மறுப்பதற்கில்லை, ஏமாற்று என்றால் ஏமாறுகிறவர் வேண்டும். 2000இல் கிரிக்கெட் வீரர் ஹான்சி குரோனியே தரகர்களிடம் பணம் வாங்கியதும், 2013 ஐ.பி.எல் ஸ்பாட் ஃபிக்சிங்கும் மோசடி என்றால், பார்த்தவர்கள் நிஜம் என்று நம்பினார்கள் என்பதால்தான். முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்தே டிக்கெட் வாங்குகிறவரை யார் ஏமாற்ற முடியும்? ஆனால் பார்த் அரங்கின் இருக்கையிலிருந்து எழுதினார். மேடையில் விழுகிறவரின் சம்பளச் சீட்டு அவர் கண்ணில் படவில்லை.

அந்தச் சீட்டில்தான் இந்தத் தொழிலின் அசல் பொய் இருக்கிறது. வீரர் எந்த ஊரில், எந்த நாளில், யாரோடு மோத வேண்டும், என்ன பெயரில் வர வேண்டும், தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா என்பதையெல்லாம் நிறுவனம் முடிவு செய்கிறது. ஒப்பந்தத் தாளிலோ அவர் ஊழியர் இல்லை; 'சுயேச்சை ஒப்பந்ததாரர்'. ஊழியருக்குச் சட்டம் தரும் பாதுகாப்புகள் அவருக்கு இல்லை. 1986இல், பின்னாளில் மினசோட்டா ஆளுநரான ஜெஸ்ஸி வென்டுரா, சக வீரர்களிடம் சங்கம் வைப்போம் என்று பேசினார். செய்தி உடனே முதலாளி காதுக்குப் போனது. போட்டுக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்பது, ராயல்டி பாக்கிக்காக வென்டுரா தொடுத்த வழக்கில் மெக்மேன் அளித்த வாக்குமூலத்தில்தான் வெளிவந்தது. அந்த வழக்கில் வென்டுராவுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. சங்கம் மட்டும் இன்றுவரை இல்லை.

அரசு ஆணையம் தொடர்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்காகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்றதற்காக 1991இல் தண்டிக்கப்பட்ட ஜார்ஜ் ஜஹோரியன், பென்சில்வேனியா மாநில ஆணையம் மேடையோரம் நியமித்த மருத்துவரேதான். ஆனாலும் 'இது பொழுதுபோக்கு' என்ற பலகைக்குப் பின்னால் மறைந்தவை அதிகம். 2007இல் மல்யுத்த வீரர் கிறிஸ் பெனுவா மனைவியையும் மகனையும் கொன்று தானும் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவருடைய மூளையைப் பரிசோதித்தவர்கள் தொடர்ந்து தலையில் அடிபட்டதன் சேதத்தைக் கண்டார்கள். தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ என்று அதற்குள் பெயர் மாறியிருந்த நிறுவனம் 2010இல்தான் தடை செய்தது. மூளைக் காயத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்று 2016இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கு, காலம் கடந்தது முதலிய காரணங்களால் 2018இல் தள்ளுபடியானது.

ஓவன் ஹார்ட்டின் கதை 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில் முடிந்தது. ஒரு கேலி வேடத்தில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவர வேண்டிய காட்சி. கொக்கி விடுபட்டு எழுபது அடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்தார். இது நிகழ்ச்சியின் பகுதியல்ல, நிஜம் என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் தொலைக்காட்சி நேயர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நேரில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானோரிடம் அவர் இறந்ததை யாரும் சொல்லவில்லை. அதே மேடையில் அடுத்தடுத்த சண்டைகள் நடந்து, நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடிந்தது. குடும்பம் தொடுத்த வழக்கு 1.8 கோடி டாலரில் சமரசமானது.

வேடங்களில் இருந்த பொய்யையும் விட்டுவிடக் கூடாது. 'உகாண்டா நரமாமிசக்காரன்' என்று முகத்தில் சாயம் பூசி இறக்கப்பட்ட கமலா, மிசிசிப்பியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ். 2005இல் அரபு வில்லனாக ஆடிய முகமது ஹசன், இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த மார்க் கொப்பானி. பார்த்தவர்கள் பிடியையும் அடியையும் நம்பாமல் இருந்திருக்கலாம். உகாண்டாக்காரர்கள் எப்படி இருப்பார்கள், அரபுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்டியதைப் பலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'செட்டிங்' என்ற எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்ட இடத்தில் அது ஒலிக்கவே இல்லை.

2023 செப்டம்பரில் டபிள்யூ.டபிள்யூ.இ-யும் யு.எஃப்.சி-யும் டி.கே.ஓ என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இணைந்தன. ஒன்றில் முடிவை எழுதிவைக்கிறார்கள். மற்றொன்றில் யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் ஒன்றைப் போலி என்றும் மற்றதை அசல் என்றும் பிரித்துச் சண்டை போடுகிறார்கள். இரண்டிலும் வீரர்கள் கையெழுத்திடுவது சுயேச்சை ஒப்பந்ததாரர் என்ற தாளில். தங்கள் ஊதியத்தைச் செயற்கையாகக் குறைத்து வைத்ததாக யு.எஃப்.சி வீரர்கள் தொடுத்த வழக்கில், 37.5 கோடி டாலர் சமரசத் தொகைக்கு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.